சினை பார்த்த கண்கள்

“யாரோடதுன்னு நான் கேட்டனா? எத்தினி மாசம்னுதானே கேட்டேன். அதுக்குப் போயி என் கொடத்தை எட்டி ஒதைக்கறியே நஞ்சம்மா.”

“மாசம் கேக்கறதுக்கு இங்க யாருடி முழுகாம இருக்கறாங்க? உன் வாயில கொள்ளியை வெக்க.”

“வெய்யி. என் வாயில வெச்சா உன் பொண்ணு வவுறு உள்ள போயிடுமா?”

“போடி, பால்ல தண்ணி ஊத்தறவளே.”

“ஊத்தறேன். தண்ணிதானே ஊத்தறேன்.”

மத்திகிரி பண்ணைத் தெருவுக்குக் கிணறு ஒன்றுதான். அதனால் சண்டைக்கும் இடம் ஒன்றுதான். கார்த்திகைப் பனி இன்னும் விலகவில்லை. ரங்கம்மாவின் குடம் உருண்டு போய்த் துவைகல்லில் முட்டி நின்றது. எடுக்க யாரும் போகவில்லை. எடுக்கப் போனால் ஒரு வார்த்தையாவது காதில் விழாமல் தப்பிவிடும். வாயில் வேப்பங்குச்சியோடு நின்ற ஆம்பிளைகள் பல் விளக்குவதை மறந்துவிட்டார்கள்.

யாரைப் பற்றி இவ்வளவு பேச்சோ, அந்தச் சாந்தம்மா ராட்டினத்தில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். கயிறு கைமாறிக் கைமாறி வந்தது. பக்கத்துத் தெருவில் எவளைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல் இருந்தது அவளுக்கு. குடம் நிரம்பியதும் இடுப்பில் வைத்தாள். வயிறு இடித்தது. குடத்தைத் தலைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். அந்த மாற்றலையும் தெரு பார்த்தது.

ரங்கம்மாவை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. தெருவில் இருப்பவர்கள் எல்லாம் சர்க்கார் கால்நடைப் பண்ணையில் சாணி அள்ளுகிறவர்கள், பால் கறக்கிறவர்கள், புல் அறுக்கிறவர்கள். அங்கே பிறந்த பிள்ளைக்குப் பால்பல் விழுவதற்குள் சினை பார்க்கத் தெரிந்துவிடும். மாட்டின் வலது விலா எப்படிப் புடைக்கிறது, மயிர் எப்படி மினுங்குகிறது, படுத்து எழும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுகிறது என்பதுதான் அங்கே பாலபாடம். அதிலும் சாந்தம்மாவின் அப்பா திம்மப்பன் பேர் எடுத்த கண். வேலிக்கு இந்தப் பக்கம் பீடி பிடித்தபடி நின்று, “அந்தச் சிவலை நாலு, வெள்ளைக்கு ஒண்ணியும் இல்ல, காலி” என்பார். ‘காலி’ என்றால் சினை நிற்காத மாடு. அவர் காலி என்று சொன்ன மாடு கன்று போட்டதில்லை.

இப்படிப்பட்ட தெருவில் ஒருத்திக்கு முகம் பூரித்து, கன்னம் பளபளத்து, கையும் காலும் குச்சியாக இருக்க வயிறு மட்டும் முன்னால் வந்தால் என்ன சொல்வார்கள்? போதாததற்கு, வீட்டுக்குத் தூரமான பெண்கள் மூன்று நாள் ஒதுங்கி உட்காரும் கீற்றுக் கொட்டகை கிணற்றுக்கு எதிரிலேயே இருந்தது. ஆடி வந்தது, ஆவணி வந்தது, சாந்தம்மா அங்கே வந்து உட்காரவில்லை. புருஷனோ ஜூஜுவாடியில் இருக்கிறான். அவள் பிறந்த வீடு வந்து வருஷம் தாண்டிவிட்டது. கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெருவுக்குப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை.

அவள் வந்த கதையும் தெருவுக்குத் தெரியாததல்ல. ஜூஜுவாடிக் கோவிந்தப்பனுக்குக் கட்டிக் கொடுத்த மறுவருஷம் முழங்கையிலும் முழங்காலிலும் செந்திட்டுகள் கிளம்பின. மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில். பிறகு தலையில், முதுகில். விடிந்ததும் பாயை உதறினால் தவிடு கொட்டுவதுபோல் கொட்டும். மாமியார் மாதம்மாள் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் விடியலில் அந்தப் பாயைத் தானே எடுத்துப் போய்ப் புளியமரத்தடியில் தட்டினாள். ஊர் பார்க்கத் தட்டினாள். கடைசியில், “ஒடம்பு தேறட்டும், அப்பறம் வாம்மா” என்று வண்டி ஏற்றிவிட்டார்கள். கோவிந்தப்பன் கெட்டவன் இல்லை. வண்டி கிளம்பும்போது தன் கம்பளியை எடுத்து அவள் மடியில் போட்டான். “தேறிடும்” என்றான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் ஒரு வருஷம் ஓட்டினாள்.

பெங்களூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இது குஷ்டம் இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவும் தொற்றாது என்று சொன்னார்கள். ஆனால் சொன்ன இடம் பெங்களூர். கேட்க வேண்டியவர்கள் ஜூஜுவாடியில் இருந்தார்கள். பூசுவதற்குத் தார் களிம்பு கொடுத்தார்கள். அப்போது உடம்பு முழுக்கக் கொழுந்துவிட்டு எரிந்ததால் கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று வெள்ளை மாத்திரையும் கொடுத்தார்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும், ஓசூரிலேயே ஒரு டாக்டரிடம் காட்டிக்கொண்டிரு என்றார்கள்.

ஓசூர் டாக்டர் சென்னகிருஷ்ணன் குறைத்தார். குறைத்தால் செதில் தலைகாட்டியது. கூட்டினார். கூட்டினால் தோல் துடைத்து வைத்தாற்போல் ஆனது. தார் களிம்பு நாறியது, சேலையெல்லாம் கறை. அதை யார் பூசுவார்கள்? மாத்திரையே நிலைத்துவிட்டது. புரட்டாசிக்குள் சாந்தம்மாவின் முழங்கை எண்ணெய் தேய்த்த தூண்போல் இருந்தது. செய்தி ஜூஜுவாடிக்குப் போனது. அவரைக்காய் விற்க வந்தவளிடம் மாதம்மாள் சொல்லி அனுப்பினாள்: “ராகிக் களம் முடிஞ்சதும் வந்து கூட்டிக்கினு போறோம்.”

அந்தச் சேதி வந்த வாரம்தான் தெரு அவள் வயிற்றைப் பார்த்தது. ஓசூர்ச் சந்தை ஒன்று கூடிக் கலைவதற்குள் இன்னொரு சேதி வந்தது, அதே அவரைக்காய்க்காரியிடம். “களம் முடிஞ்சி வரோம். வந்து பாத்துட்டுத்தான் மத்தப் பேச்சு.”

அன்றைக்கு நஞ்சம்மா பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்திருந்தாள். அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கி எடுத்த குழம்பு. பனிக்காலத்தில் ஓசூர்ப் பக்கம் அந்த வாசனை இல்லாத வீடு வீடே இல்லை. சாந்தம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். களி உருண்டையைத் தட்டில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த திம்மப்பன் அவளைப் பக்கவாட்டில் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பி, “அஞ்சி” என்றார்.

நஞ்சம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் களிக்கோலைச் சுவரில் எறிந்தாள்.

“பெத்த பொண்ணுய்யா அது. உன் பண்ணை மாடா?”

“நான் இன்னா சொன்னேன் இப்ப?”

சாந்தம்மா நிமிர்ந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது, அழுகை இல்லை. “நைனா, நான் ஒருத்தங்ககிட்டயும் போவல. மாத்திரை தின்ன அப்பறம்தான் இப்பிடி ஆச்சி.”

“மாத்திரை தின்னா நோவு போவும். வவுறு எப்பிடி வரும்?”

“வந்துச்சி.”

“நீ சொல்றதை நான் இல்லைங்கல. என் கண்ணு பொய் சொல்லி இதுவரிக்கும் நான் பாத்ததில்லம்மா. அதான்.”

களி ஆறிப் போயிற்று. அவர் தின்று முடித்தார். அதற்குப் பிறகு மகளோடு பேசவில்லை. கோபமும் இல்லை. மாட்டுக் கொட்டகையில் ஒரு மாட்டைத் தனியாகக் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு இடைவெளி விட்டுப் படுத்தார்.

சாந்தம்மாவுக்கு ஒரே ஒரு ஆளைத் தெரியும், இதே மாத்திரையால் இதே கோலத்துக்கு வந்த ஆள். பண்ணையில் புல் அறுக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியான கிருஷ்ணப்பன். ஓசூர் டாக்டர் வீட்டுக்குத் தெருவாசல் ஒன்று, பக்கவாசல் ஒன்று. காய்ச்சல், பேதி எல்லாம் தெருவாசல். தோல் நோவு மட்டும் பக்கவாசல். அந்தப் பக்கவாசலில் ஒருநாள் அவள் நுழைந்தபோது மேஸ்திரி சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். பானை வயிறு. அதன் இரண்டு பக்கமும் கத்தரிக்காய் நிறத்தில் வரிவரியாகக் கோடுகள். தன் வயிற்றைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. மேஸ்திரி சட்டையை இறக்கிவிட்டார். கணுக்காலில் வருஷக்கணக்காக நீர் வடியும் கரப்பான் அவருக்கு. அதை மறைக்கத்தான் வெயிலிலும் முழங்கால் வரை காலுறை போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரத் துரை மாதிரி என்று பேர் வாங்கியிருந்தார். மாத்திரைக்குப் பிறகு அவருக்கும் முகம் ரசகுல்லா ஆகியிருந்தது. அவரைப் பார்த்துத் தெரு, “மேஸ்திரிக்கு லட்சுமி வந்து குந்திக்கினா” என்றது. அவள் முகத்தையும் அவர் முகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தெருவுக்கு இன்னொன்றும் தோன்றியது. இவள் அவர் கூட்டத்தில்தானே புல் அறுக்கிறாள். “ரெண்டும் ஒரே தீனி” என்று ரங்கம்மா ஆரம்பித்து வைத்தாள்.

நஞ்சம்மா மகளைக் கூட்டிக்கொண்டு முதலில் டாக்டரிடம் போனாள்.

பக்கவாசலில் அன்றைக்கும் கூட்டம். படர்தாமரைக்காரன், சேற்றுப்புண்காரி, காரணம் தெரியாமல் சொறிகிறவர்கள். எல்லாருக்கும் ஒரே வெள்ளைப் பொட்டலம். அவர்களில் பாதிப் பேர் முகம் வட்டமாக இருந்தது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள்போல் உட்கார்ந்திருந்தார்கள்.

“வயிறு வைக்கும்மா. முகம் வைக்கும். தூரம் தள்ளிப் போகும். இது கார்ட்டிசோன் ஜாதி மருந்து. அதோட குணம் அது” என்றார் டாக்டர், சாந்தம்மாவின் நாக்கைப் பார்த்தபடி.

“அந்த வார்த்தையை வந்து எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க சாமி. ஜூஜுவாடிக்காரங்க வராங்க, அவங்ககிட்டயும் சொல்லுங்க. பொண்ணு வாழ்க்கை போவுது.”

டாக்டர் கதவுக்கு வெளியே இருந்த கூட்டத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நான் தெருவில வந்து நின்னு இந்த மருந்து வயிறு வைக்கும்னு சொன்னா நாளைக்கு இங்கே எவன் வருவான்? நஞ்சம்மா, முதல்ல நானும் களிம்புதான் எழுதினேன். ஒரு வாரம் பூசிப் பார்ப்பாங்க. குறையலைன்னா பாகலூர் ரோட்டு டாக்டர்கிட்டே போவாங்க, அவர் இதைக் கொடுப்பார். ரெண்டு நாள்ல அரிப்பு நிக்கும். அவர் கைராசிக்காரர், நான் தார் டாக்டர். நானும் கொடுக்க ஆரம்பிச்சேன். இப்போ நான் கைராசிக்காரன்.”

“எங்களுக்கு இன்னா வழி?”

“கொஞ்சம் கொஞ்சமா இறக்கலாம். சித்திரை வாக்கில் வயிறு வடியும். சட்டுனு மட்டும் நிறுத்திடாதே சாந்தம்மா. ஆபத்து.”

“களம் தையில முடிஞ்சிடும் சாமி” என்றாள் சாந்தம்மா.

டாக்டருக்கு அது விளங்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த நாள் நஞ்சம்மா மேஸ்திரியைத் தீவனக் குழியருகே பிடித்தாள். கோடைத் தீவனத்துக்குப் புளிக்கவைக்கச் சோளத்தட்டையை நறுக்கிக் குழியில் கொட்டி, ஆட்கள் வரிசையாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். புளித்த வாசனை மூக்கைத் துளைத்தது. சாந்தம்மா தட்டுக்கூடையோடு கொஞ்ச தூரத்தில் நின்றாள்.

“மேஸ்திரிண்ணா, உங்க வவுத்துல இருக்கறதுதான் அதுக்கும் இருக்குது. ஒரு தாட்டி வந்து சட்டையைத் தூக்கிக் காட்டுங்க. ஆம்பளை வவுத்துல வரி இருந்தா அது மருந்து வரிதானே. அதோட முடிஞ்சிடும்.”

“மெதுவா பேசு நஞ்சம்மா.”

“உங்க பேரையும் சேர்த்துத்தான் இழுக்கறாங்க. அதுக்காச்சும் காட்டுங்க.”

மேஸ்திரி குழியைப் பார்த்தபடியே பேசினார். “பேரை இழுத்தா இழுத்துட்டுப் போவட்டும். ஆம்பளை பேரு இழுத்துத் தேயாது. தோலு சமாச்சாரம் அப்பிடி இல்ல. என் பொண்ணு ராதாவுக்குத் தேன்கனிக்கோட்டையில பூ வெச்சி மூணு வாரம் ஆவல. அப்பனுக்குத் தோல் நோவுன்னு தெரிஞ்சா அந்தப் பூவை அவுத்துக் குடுன்னுவாங்க. ரத்தத்துல வரும்னுவாங்க.”

“என் பொண்ணும் பொண்ணுதானேண்ணா.”

“நான் இல்லைன்னு சொல்லலியே. ஏய், அந்த மூலையை மிதிடா.”

சாந்தம்மா கூடையைக் கொட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போனாள். அன்று சாயங்காலத்திலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் ஆபத்து என்று சொன்னது காதில் விழாமல் இல்லை. வயிறு வடிய வேண்டும். களத்துக்குள் வடிய வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் அவளுக்குள் ஓடவில்லை.

முதலில் கைகால் சோர்ந்தது. பிறகு வாந்தி. விடியற்காலையில் சாக்கடையோரம் குந்தி அவள் ஓங்கரித்ததைத் தெரு மூன்று வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தது. “மசக்கை இவளுக்குப் பின்னால வருது” என்றது. தின்றது எதுவும் தங்காமல் மார்கழியில் வயிறு வடியத் தொடங்கியது. “பப்பாளிக்காயும் எள்ளும் வாங்கினாங்களாம். கலைச்சிட்டாங்க” என்றது. தெருவுக்கு எப்படியும் தோல்வி கிடையாது.

அடக்கி வைத்திருந்த தோலும் விழித்துக்கொண்டது. முன்னே திட்டுத்திட்டாக வந்தது, இப்போது உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரே சிவப்பு. குளிர் தாங்காமல் நடுங்கினாள். கோவிந்தப்பன் கொடுத்த கம்பளி மேலே பட்டால் எரிந்தது. ஒருநாள் புல்லுக்கட்டோடு பண்ணை வாசலில் விழுந்தாள். திம்மப்பன் வண்டி கட்டி, தானே தூக்கிப் படுக்கவைத்து டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் நஞ்சம்மாவைத் திட்டினார். ஊசி போட்டார், மறுபடி மாத்திரை ஆரம்பித்தார், இந்த முறை கொஞ்சமாக. உயிர் தங்கியது. திம்மப்பன் திரும்பும் வழியெல்லாம் மாட்டை மட்டும் அதட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சட்டை முழுக்கச் செதில். அதை உதறவில்லை, அப்படியே வேலைக்குப் போனார்.

தை பிறந்தது. களம் முடிந்தது. ஜூஜுவாடி வண்டி வந்தது.

மாதம்மாள், அவள் தம்பி, அத்திப்பள்ளியிலிருந்து ஒரு மருத்துவச்சி. கோவிந்தப்பன் தெருக்கோடியிலேயே வண்டியோடு நின்றுவிட்டான்; மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். கட்டிப்போட்ட மாடு எங்கே ஓடும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. திம்மப்பன் வீட்டு வாசலில் கட்டில் போட்டார்கள். பெரிய மனுஷர் என்று மேஸ்திரி கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். வராமல் இருந்தால் ஊர் ஒன்று சொல்லும் என்று வந்திருந்தார், கோட்டுப் போட்டு. அவர் பெண்டாட்டி சரோஜம்மாள் சுவரோரம் நின்றாள். இரண்டு மாதமாக அவள் கிணற்றடிக்கு வரும்போதெல்லாம் பேச்சு நின்று, போனதும் தொடர்ந்துகொண்டிருந்தது. அவள் முகம் யாரையும் பார்க்கவில்லை.

மருத்துவச்சி உள்ளே போனாள். வெளியே வர நேரமாயிற்று.

“வவுத்துல ஒண்ணும் இல்ல” என்றாள். நஞ்சம்மா மூச்சு விட்டாள். “ஆனா வரி இருக்குது. ஆழமான வரி. வரி இருந்தா அது பெத்த வவுறு, இல்ல சொமந்து எறக்கின வவுறு. என் கைக்கு அவ்வளவுதான் தெரியும்மா.”

மாதம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “அப்ப எந்திரிக்கலாமா தம்பி.”

“இருங்க” என்றாள் நஞ்சம்மா. “அது மருந்து வரி. அந்த மருந்து தின்னவங்க அல்லாருக்கும் வரும். மேஸ்திரிண்ணா, உங்க காலைப் புடிச்சிக் கேக்கறேன், சட்டையைத் தூக்கிக் காட்டுங்க.”

மேஸ்திரி சிரிக்கப் பார்த்தார். “பொம்பளைங்க வழக்குல என் சட்டைக்கு இன்னா வேலை?”

“அந்தச் சட்டைக்குள்ளதானே வழக்கே குந்திக்கினு இருக்குது” என்றாள் ரங்கம்மா பின்னாலிருந்து. கூட்டம் சிரித்தது. ஜூஜுவாடிக்காரர்களும் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்தார்கள்.

சாந்தம்மா நிலைப்படியில் நின்றாள். சிரிப்பு அவள்மேல் வந்து விழுந்து, நழுவிக் கீழே போயிற்று.

சரோஜம்மாள் சுவரை விட்டு நகர்ந்தாள். அவசரமில்லாமல்தான் வந்தாள். புருஷன் முன்னால் நின்று, இரண்டு கையாலும் கோட்டையும் சட்டையையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பொத்தான்கள் தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடின.

“பாருங்க. நல்லா கிட்ட வந்து பாருங்க. இவரு எத்தினி பெத்தாருன்னு மருத்துவச்சி சொல்லட்டும்.”

“ஏ சரோஜி, பொண்ணை நெனைச்சிப் பாருடி” என்றார் மேஸ்திரி.

“ரெண்டு மாசமா அவளை நெனைச்சித்தான் வாயை மூடிக்கினு இருந்தேன். அவளையே கிணத்தடியில கேக்கறாளுங்கோ, உங்க சின்னம்மா எப்பிடி இருக்கறான்னு.”

மருத்துவச்சி வந்து குனிந்தாள். ஒரு கோட்டின்மேல் விரல் வைத்து மேலிருந்து கீழே ஓட்டினாள். நிலைப்படியில் நின்ற சாந்தம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “இதேதான். இதே நெறம்” என்றாள். “ஆம்பளைக்கு வந்து இப்பத்தான் பாக்கறேன்.”

திம்மப்பன் எழுந்து கட்டிலருகே வந்தார். மேஸ்திரியின் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பக்கவாட்டில், தலையைச் சாய்த்து. பிறகு நிலைப்படிப் பக்கம் திரும்பாமலே, “காலி” என்றார்.

அவர் அறிந்த மன்னிப்பு அவ்வளவுதானோ என்னவோ. சாந்தம்மாவுக்குச் சந்தோஷம் வரும் என்று எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளும் வருகிறதா என்று பார்த்தாள்.

மாதம்மாள் எழுந்து அவளிடம் வந்தாள். கையைப் பிடிக்க நீட்டினாள். நீட்டிய கை, சாந்தம்மாவின் மணிக்கட்டில் செதில் உரிந்து தொங்குவதைக் கண்டு அந்தரத்தில் நின்றது. கழுத்தைப் பார்த்தாள், காதோரத்தைப் பார்த்தாள், முடியோரம் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தாள்.

“உன் மேல ஒரு பழியும் இல்லம்மா. எங்க வூட்டு மானத்தைக் காப்பாத்தினே. நான் ஊருக்கே சொல்வேன்.”

“சரிங்க அத்தை.”

“ஒடம்பு தேறட்டும். தேறினதும் சொல்லி அனுப்பறோம்.”

“பாயை நானே தட்டிக்கறேன் அத்தை. யாரும் பாக்கறதுக்குள்ள.”

“தெரியும்மா. நீ நல்ல பொண்ணு” என்றாள் மாதம்மாள், தெருக்கோடி வண்டியைப் பார்த்துக்கொண்டே. நஞ்சம்மா கொண்டுவந்த மோரை வாங்கி, வாய் வைக்காமல் தம்பியிடம் கொடுத்தாள். தம்பி கீழே வைத்தான். வண்டி கிளம்பியது. கோவிந்தப்பன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான் என்று சிலர் சொன்னார்கள். மாடு மிரண்டதால் திரும்பினான் என்று சிலர் சொன்னார்கள்.

வைகாசியில் கோவிந்தப்பன் அத்திப்பள்ளியில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். முதல் தாரம் இருக்க இரண்டாம் தாரம் கூடாது என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஜூஜுவாடிக்கு அது இன்னும் வழி விசாரித்துக்கொண்டிருந்தது போலும். மேஸ்திரி மகள் ராதாவின் தேன்கனிக்கோட்டைச் சம்பந்தம் முறிந்தது. தோல் நோவுக்காக இல்லை. கூடின சபையில் புருஷன் சட்டையைக் கிழிக்கிறவள் வயிற்றில் பிறந்த பெண் வேண்டாம் என்றார்களாம். அவளைப் பிறகு கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவன் கட்டிக்கொண்டான். அவனுக்கே உள்ளங்கையில் கரப்பான், கேட்கிற நிலையில் அவன் இல்லை. டாக்டர் சென்னகிருஷ்ணன் சேலத்துக்கு மாறிப்போய் மாடி வீடு கட்டினார். அவர் இடத்துக்கு வந்தவர் ஆறு மாதம் களிம்பு எழுதிப் பார்த்துவிட்டுப் பக்கவாசலைத் திறந்தார். ரங்கம்மாவுக்குக் கால்விரல் இடுக்கில் அரிப்பு வந்தபோது அவளும் அந்த வாசலில்தான் நுழைந்தாள். முகம் வட்டமானது. அவள் வயசுக்கு மாசம் கேட்க ஆளில்லை.

சாந்தம்மாவை அவள் தாய்மாமன் வந்து ஊத்தங்கரைப் பக்கம் கூட்டிப்போனான். மானாவாரிக் காடு, கடலைக்குக் களை வெட்டுகிற வேலை. அங்கே வெயிலுக்குத் தோல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்றார்கள். பனிக்கு மறுபடி வருகிறது என்றும் சொன்னார்கள். அவள் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கொண்டுபோய் விட்டுவிட்டு ஒரு வாரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிக் கூடப்போன நஞ்சம்மாவும் அங்கேயே தங்கிவிட்டாள். திம்மப்பன் இங்கேதான் இருக்கிறார். பண்ணையில் அவர் சொன்ன மாடு எதுவும் இன்றுவரை தப்பவில்லை. களியைத் தானே கிண்டிக்கொள்கிறார். கட்டி தட்டுகிறதாம்.